தீராத கணக்கு: டு பாய்ஸ் வாழ்வும் பணியும்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் என்றதும் நம்மவர் நாவில் முதலில் வருவது மார்ட்டின் லூதர் கிங்கின் பெயர். அவருக்கு முன்பு அடிமையாய்ப் பிறந்து கல்விக்கூடம் கண்ட புக்கர் வாஷிங்டனைச் சிலர் அறிவர். இவ்விருவர் காலத்தையும் இணைத்து, ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஓயாது எழுதிய வில்லியம் எட்வர்ட் பர்க்ஹார்ட் டு பாய்ஸ் தமிழ் வாசகர் பலருக்கு இன்னும் வெறும் பெயராகவே இருக்கிறார். அவருடைய வாழ்வை இம்மலரில் எழுதத் துணிந்ததற்கு ஒரு காரணம் உண்டு.

அடிமை முறை 1865ஆம் ஆண்டிலேயே ஒழிந்தது; அடிமைப்படுத்தியவரும் இன்றில்லை, அடிமைப்பட்டவரும் இன்றில்லை; இன்றைய தலைமுறை எதற்காக அந்தப் பழைய கதையைச் சுமக்க வேண்டும்? இந்த வினா அமெரிக்காவில் இன்றும் அடங்கவில்லை. அடிமை முறையின் விளைவுகளை ஆராயவும் இழப்பீடு பற்றிப் பரிந்துரைக்கவும் ஒரு குழு அமைக்க வேண்டும் என்று 1989இல் ஜான் கான்யர்ஸ் காங்கிரஸில் கொண்டுவந்த மசோதா, மீண்டும் மீண்டும் கொண்டுவரப்பட்டும் சட்டமாகவில்லை. அந்நாட்டு மத்திய வங்கி 2022இல் எடுத்த கணக்கெடுப்பின்படி, வெள்ளையர் குடும்பங்களைச் சொத்து வரிசையில் நிறுத்தினால் நடுவே நிற்கும் குடும்பத்தின் சொத்து ஏறத்தாழ 2,85,000 டாலர். கறுப்பர் வரிசையில் நடுவே நிற்கும் குடும்பத்துக்கு 44,900 டாலர். இந்த இடைவெளிக்குக் காரணம் அவரவர் உழைப்பும் ஒழுக்கமுமா, அல்லது பாட்டன் காலத்துக் கணக்கா? இவ்வினாவை முதன்முதலில் ஏடும் எழுதுகோலுமாக வீடு வீடாகச் சென்று கேட்டவர் டு பாய்ஸ். ஆகவேதான் அவர் வாழ்க்கை பழங்கதை ஆகிவிடவில்லை.

அவர் 1868 பிப்ரவரி 23 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கிரேட் பாரிங்டன் என்னும் சிற்றூரில் பிறந்தார். அடிமை ஒழிப்புச் சட்டத்திருத்தம் நிறைவேறி மூன்றாண்டுகூட ஆகாத காலம். தந்தை குழந்தைப் பருவத்திலேயே குடும்பத்தை விட்டு நீங்கினார். தாய் மேரி சில்வினா உடல்நலம் குன்றிய நிலையிலும் வீட்டு வேலைகள் செய்து மகனைப் படிக்க வைத்தார். கறுப்பர் மிகச் சிலரே வாழ்ந்த ஊர் அது. பள்ளியில் பிள்ளைகள் விளையாட்டாக முகவரிச் சீட்டுகளை ஒருவருக்கொருவர் கொடுத்து மகிழ்ந்த ஒரு நாளில், புதிதாக வந்த ஒரு சிறுமி அவர் நீட்டிய சீட்டை மட்டும் வாங்க மறுத்துவிட்டாள். தாம் வேறு என்பதை அவர் அன்றுதான் உணர்ந்தார். அறியாச் சிறுமியின் செயல்தானே என்று நாம் கடந்துவிடலாம், அவர் கடக்கவில்லை. ஒரு மனிதன் தன்னைத் தன் கண்ணாலும், தன்னை இகழ்வோர் கண்ணாலும் ஒருங்கே காண நேரும் இரட்டை உணர்வு பற்றிப் பின்னாளில் அவர் எழுதியவற்றுக்கெல்லாம் வித்து அங்கேதான் விழுந்தது.

தாய் மறைந்த 1885ஆம் ஆண்டில், ஊராரும் திருச்சபைகளும் திரட்டிக் கொடுத்த பொருளுதவியுடன் தெற்கே நாஷ்வில் நகரின் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். கோடை விடுமுறைகளில் டென்னசி மாநிலத்துச் சிற்றூர்களில் ஆசிரியப் பணி தேடி நடந்தார். அவருக்குக் கிடைத்த பள்ளி, ஒரு நிலக்கிழார் முன்பு சோளம் சேமித்து வைத்திருந்த மரக்குடில். மூன்று பலகைகளை இணைத்தது மேசை. நாற்காலியோ வீட்டுக்காரியிடம் இரவல் வாங்கியது. ஒவ்வொரு மாலையும் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். ஜோசி என்னும் இருபது வயதுப் பெண்ணொருத்தி, குடும்பத்தின் பெருஞ்சுமையைத் தாங்கிக்கொண்டே அங்கே எழுத்துக் கற்றாள். ஒருநாள் நாஷ்வில் சென்று பெரிய பள்ளியில் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை.

பத்தாண்டுகள் கழித்து டு பாய்ஸ் அவ்வூருக்கு மீண்டும் சென்றார். மரக்குடில் இருந்த இடத்தில் பலகைக் கட்டடம் ஒன்று எழுந்திருந்தது. கரும்பலகை சற்றே நீண்டிருந்தது. இருக்கைகளுக்கு இன்னும் சாய்மானம் இல்லை. ஜோசி இறந்துவிட்டாள். குடும்பத்துக்காக உழைத்து உழைத்தே ஓய்ந்து போனாள் என்பதுதான் அவள் கதை. 1903இல் வெளிவந்து அவருக்குப் பெரும்புகழ் ஈட்டிய ‘கறுப்பின மக்களின் ஆன்மாக்கள்’ என்னும் நூலில் இந்நிகழ்ச்சியைச் சொல்லும் கட்டுரையை வாசிப்பவர், முன்னேற்றம் என்னும் சொல்லைப் பிறகு அவ்வளவு எளிதில் பயன்படுத்த மாட்டார்.

ஃபிஸ்க்கிலிருந்து ஹார்வர்டு சென்றார். மேற்படிப்புக்கு ஐரோப்பா செல்ல விரும்பியபோது, கறுப்பர் கல்விக்கான சிலேட்டர் நிதியத்தின் தலைவராக இருந்த முன்னாள் குடியரசுத் தலைவர் ஹேய்ஸ், தகுதியுள்ள கறுப்பின மாணவர் எவரும் கிடைக்கவில்லை என்று பேசியதாக ஒரு செய்தித்தாளில் கண்டார். உடனே தம் தகுதிச் சான்றுகளுடன் விண்ணப்பித்தார். மறுத்தபோது ஹேய்ஸைக் கடிந்து கடிதம் எழுதினார். மீண்டும் விண்ணப்பித்து, 1892இல் பெர்லின் சென்று ஈராண்டு பயின்றார். மேலும் சிறிது காலம் தங்கியிருந்தால் அங்கேயே முனைவர் பட்டம் பெற்றிருப்பார். நிதியம் உதவியை நீட்டிக்க மறுத்தது. 1895இல் ஹார்வர்டு அவருக்கு முனைவர் பட்டம் அளித்தது. அங்கே அப்பட்டம் பெற்ற முதல் கறுப்பர் அவரே. அடிமை வணிகம் தடை செய்யப்பட்ட வரலாற்றை ஆராய்ந்த அவருடைய ஆய்வேடு, மறு ஆண்டில் ஹார்வர்டு வரலாற்று நூல்வரிசையின் முதல் நூலாக வெளிவந்தது.

1896இல் பென்சில்வேனியப் பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. பிலடெல்பியா நகரின் ஏழாம் வட்டத்தில் வாழும் கறுப்பரைப் பற்றி ஆராயும் பணி. துணைப் பயிற்றுநர் என்று பதவிக்குப் பெயர், வகுப்பெடுக்க வாய்ப்பில்லை. நகரின் குற்றங்களுக்கும் சீர்கேட்டுக்கும் கறுப்பரே காரணம் என்பது பலர் மனத்தில் முன்கூட்டியே எழுதப்பட்டிருந்த தீர்ப்பு. அதற்கு எண்கள் வேண்டியிருந்தன. புதுமணத் தம்பதியர் அப்பகுதியிலேயே ஓர் உணவுச்சாலையின் மாடி அறையில் குடியேறினர். டு பாய்ஸ் கையில் வினாப்படிவங்களுடன் தாமே வீடு வீடாக ஏறி இறங்கினார். உதவியாளர் எவரும் இன்றி ஏறத்தாழ 2,500 குடும்பங்கள்! வரவேற்றவர்கள் உண்டு, தங்களையும் ஒரு காட்சிப்பொருள் ஆக்குகிறார்களோ என்று முகம் சுளித்தவர்களும் உண்டு.

‘பிலடெல்பியா நீக்ரோ’ என்னும் பெயரில் 1899இல் வெளிவந்த அந்நூலை இன்று சமூகவியலின் தொடக்க நூல்களுள் ஒன்றாகப் போற்றுகிறார்கள். அதில் அவர் செய்தது என்ன? வறுமையையும் குற்றத்தையும் அவர் மறைக்கவில்லை. சொல்லப்போனால் சில பக்கங்களில் தம் மக்களையே கண்டிப்பான பள்ளி ஆசிரியரைப் போல் அதட்டுகிறார். இன்று படிக்கையில் அது சற்று நெருடவே செய்கிறது. ஆயினும் ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் ஒரு வரலாற்றை அவர் தேடினார். இவர்கள் எப்போது, எங்கிருந்து வந்தார்கள்? எந்தத் தொழிற்சங்கம் இவர்களுக்குக் கதவடைத்தது? தொழில் கற்ற இளைஞன் ஏன் விடுதியில் தட்டுக் கழுவுகிறான்? அதே தரமுள்ள வீட்டுக்கு இவர்கள் ஏன் கூடுதல் வாடகை தருகிறார்கள்? இவ்வாறு கேட்டுக்கொண்டே போனபோது, ஓர் இனத்தின் இயல்பு என்று உலகம் சொல்லிவந்தது, அவ்வினத்துக்கு நேர்ந்தவற்றின் கூட்டுத்தொகையாகக் கரைந்துபோயிற்று. வகுப்பெடுக்க விடாத அதே பல்கலைக்கழகம், அவர் இறந்து அரை நூற்றாண்டு ஆகப்போகும் 2012ஆம் ஆண்டில், அவருக்கு மதிப்புறு ஓய்வுநிலைப் பேராசிரியர் என்னும் பட்டத்தை வழங்கியது.

உண்மையை எண்களோடு எடுத்து வைத்தால் போதும்; அறியாமையால் விளைந்த வெறுப்பு அறிவால் நீங்கும் என்று அந்நாளில் அவர் நம்பினார். 1897இல் அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானபோதும் அந்நம்பிக்கை இருந்தது. 1899ஆம் ஆண்டு அதை உடைத்தது. அவ்வாண்டு ஏப்ரலில் சாம் ஹோஸ் என்னும் கறுப்பினத் தொழிலாளியை ஜார்ஜியாவில் ஒரு கும்பல் சித்திரவதை செய்து எரித்துக் கொன்றது. நிதானமான ஒரு மறுப்புக் கடிதத்தை எழுதிக்கொண்டு அட்லாண்டாவின் செய்தித்தாள் அலுவலகத்துக்கு நடந்து சென்றார் டு பாய்ஸ். கொல்லப்பட்டவனின் விரல் முட்டுகள் வழியிலுள்ள மளிகைக் கடை ஒன்றில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன என்று யாரோ சொன்னார்கள். அவர் திரும்பி நடந்தார். அடுத்த மாதமே, இரண்டு வயதும் நிரம்பாத அவருடைய மகன் பர்க்ஹார்ட் தொண்டை அடைப்பான் நோய்க்குப் பலியானான். நேரத்தில் ஒரு மருத்துவர் கிடைக்கவில்லை. மகனை அட்லாண்டா மண்ணில் புதைக்க மனமின்றி, தம் பிறந்த ஊருக்குக் கொண்டுசென்று அடக்கம் செய்தார்.

இதற்குப் பிறகும் அவர் கணக்கெடுப்பதை நிறுத்தவில்லை என்பதுதான் வியப்பு. 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் உலகக் கண்காட்சியில், கறுப்பரின் நிலவுடைமை, கல்வி, தொழில் பற்றித் தம் மாணவருடன் வண்ண வண்ணமாக வரைந்த வரைபடங்களை வைத்துப் பொற்பதக்கம் பெற்றார். 1906இல் அலபாமாவின் லௌண்டஸ் மாவட்டத்தில் வாரத்துக்குப் பயிரிடும் கறுப்பின உழவர்களைப் பற்றி அரசுக்காக ஓர் ஆய்வு மேற்கொண்டார். அந்த அறிக்கையை அரசு வெளியிடவில்லை, கையெழுத்துப்படியும் அழிக்கப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் அட்லாண்டாவில் இனக் கலவரம் மூண்டது. ரயிலேறி விரைந்து திரும்பிய பேராசிரியர், மனைவியையும் மகளையும் காக்கத் துப்பாக்கியுடன் வாசற்படியில் அமர்ந்திருந்தார்.

புக்கர் வாஷிங்டனுடன் அவர் கொண்ட மாறுபாடும் இக்காலத்தது. கைத்தொழில் கற்போம், பொருள் சேர்ப்போம், வாக்குரிமையும் சமத்துவமும் பிறகு தாமே வரும் என்பது 1895இல் வாஷிங்டன் அட்லாண்டாவில் முன்வைத்த வழி. வாக்கு இல்லாதவன் சேர்த்த பொருளை யார் காப்பது என்று டு பாய்ஸ் கேட்டார். விடுதலை பெற்ற மக்களுக்காகக் காங்கிரஸ் 1865இல் ஏற்படுத்திய சேமிப்பு வங்கி 1874இல் மூடப்பட்டதும், ஏறத்தாழ 61,000 பேர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் முடங்கியதும் அவருக்குத் தெரியும். மேலாளர்கள் செய்த முறைகேட்டில் வேலியே பயிரை மேய்ந்தது. பணத்தை இழந்ததைவிட, சேமிப்பதில் கொண்ட நம்பிக்கையை அம்மக்கள் இழந்ததே பெருங்கேடு என்பது அவர் கருத்து. எனினும் வாஷிங்டனை முற்றும் கோழையென ஒதுக்குவது நியாயமாகாது. வெறியர் நடுவே ஒரு கல்விக்கூடத்தைக் காத்தவர் அவர். வடக்கே பிறந்த டு பாய்ஸுக்கு அந்த அச்சம் பிறவியிலேயே பழக்கமானதன்று.

1905இல் நயாகரா இயக்கத்தைத் தொடங்கிய டு பாய்ஸ், 1909இல் உருவான கறுப்பின மக்கள் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் நிறுவனர்களுள் ஒருவரானார். பேராசிரியப் பணியை விட்டு, 1910 நவம்பரில் ‘கிரைசிஸ்’ என்னும் இதழைத் தொடங்கினார். 1,000 படிகளுடன் தொடங்கிய அவ்விதழ் பத்தாண்டுக்குள் 1,00,000 படிகளை எட்டியது. கும்பல் கொலைகளின் பட்டியலும், பட்டம் பெற்ற கறுப்பின மாணவர்களின் படங்களும் அதில் அடுத்தடுத்து வெளிவந்தன. சிற்றிதழ் நடத்தி கைப்பொருள் இழந்த அனுபவம் நம்மிடையே பலருக்கு உண்டாதலால், 24 ஆண்டுகள் ஓர் இதழைத் தாங்கிய அவர் உழைப்பின் அருமை சொல்லாமலே விளங்கும்.

ஆனால் இக்கட்டுரைக்கு மையமாக நான் கருதுவது அவருடைய 67ஆம் வயதில், 1935இல், வெளிவந்த ‘அமெரிக்காவில் கறுப்பின மறுசீரமைப்பு’ என்னும் 700 பக்கங்களுக்கு மேற்பட்ட நூலையே. உள்நாட்டுப் போர் முடிந்தபின் 1877 வரையிலான காலத்தை மறுசீரமைப்புக் காலம் என்பர். கறுப்பர் முதன்முதலாக வாக்களித்து, சட்டமன்றங்களில் அமர்ந்த காலம் அது. கல்லாத அடிமைகளின் கையில் ஆட்சியைக் கொடுத்ததால் ஊழலும் சீரழிவுமே விளைந்தன என்று கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டன்னிங்கும் அவருடைய மாணவர்களும் எழுதியதே அன்று வரலாறு. பள்ளிப் பிள்ளைகள் அதையே படித்தார்கள். 1915இல் வெளிவந்த ‘ஒரு தேசத்தின் பிறப்பு’ என்னும் திரைப்படம் அதையே திரையில் காட்டியது. கறுப்பரின் வாக்குரிமையைப் பறித்ததற்கு இந்த வரலாறே நியாயம் கற்பித்தது. பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்தின் 1929ஆம் ஆண்டுப் பதிப்புக்காகக் கட்டுரை கேட்டபோது, மறுசீரமைப்புக் காலம் பற்றி டு பாய்ஸ் எழுதிய பகுதியைப் பதிப்பாசிரியர் நீக்கினார். அவர் கட்டுரையையே திரும்பப் பெற்றுக்கொண்டார்.

இழந்த அந்தப் பத்திக்கு ஈடாக அவர் எழுதியதுதான் இப்பெருநூல் என்றால் மிகையாகாது. போரின்போது லட்சக்கணக்கான அடிமைகள் தோட்டங்களை விட்டு வெளியேறியதை ஒரு பொது வேலைநிறுத்தமாக அவர் கண்டார். ஏறத்தாழ இரண்டு லட்சம் கறுப்பர் வடவர் படையில் பணிபுரிந்ததை நினைவூட்டினார். தெற்கில் அனைவருக்குமான அரசுப் பள்ளிகள் வேரூன்றியது அந்த இகழப்பட்ட ஆட்சிகளால்தான் என்று ஆவணங்களைக் கொண்டு நாட்டினார். 1865 ஜனவரியில் ஷெர்மன் தளபதியின் ஆணையால் கடலோர நிலங்களில் குடியமர்த்தப்பட்ட ஏறத்தாழ 40,000 பேரிடமிருந்து, அவ்வாண்டு முடிவதற்குள்ளேயே நிலத்தை மீட்டுப் பழைய உடைமையாளரிடம் கொடுக்கக் குடியரசுத் தலைவர் ஜான்சன் வழிசெய்ததையும் சொன்னார். விடுதலை கிடைத்தது, காலூன்ற நிலம் கிடைக்கவில்லை. ஏழை வெள்ளைத் தொழிலாளி தன்னைப்போன்ற கறுப்பினத் தொழிலாளியோடு ஏன் சேரவில்லை என்ற வினாவுக்கு அவர் தந்த விடை இன்றும் பேசப்படுகிறது: கூலி குறைவாயினும், வெள்ளையன் என்பதற்காகத் தெருவிலும் நீதிமன்றத்திலும் கிடைத்த மதிப்பு, அவனுக்கு இன்னொரு கூலியாக அமைந்துவிட்டது.

நூலின் இறுதி இயல்தான் நம் காலத்துக்கு மிக அண்மையில் நிற்பது. அன்றைய பாடநூல்களை வரிசையாக எடுத்து, ஒவ்வொன்றும் என்ன சொல்கிறது என்று காட்டி, இதை வரலாறு என்று எப்படி அழைப்பது என்று கேட்கிறார். அநீதி ஒருமுறை செய்யப்படுகிறது. பிறகு அது நேர்ந்த விதத்தைப் பொய்யாகச் சொல்வதன் மூலம் ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாகச் செய்யப்படுகிறது என்பதே அவர் வாதத்தின் சாரம். அமெரிக்க வரலாற்றுச் சங்கத்தின் ஏடு அந்நூலுக்கு ஒரு மதிப்புரைகூட வெளியிடவில்லை. 1988இல் எரிக் ஃபோனரின் மறுசீரமைப்பு வரலாறு வெளிவந்த காலத்தில்தான் கல்வி உலகம் பெருமளவு டு பாய்ஸின் பக்கம் வந்து சேர்ந்தது. ஐம்பதாண்டுத் தாமதம்! அதன் பின்னரும் விவாதம் முடிந்தபாடில்லை. 2021 முதல் பல மாநிலங்கள், இனம் பற்றியும் அடிமை முறையின் தொடர்விளைவு பற்றியும் வகுப்பறையில் எவ்வாறு பேசலாம் என்பதற்கு வரம்பிட்டுச் சட்டங்கள் இயற்றியுள்ளன. இன்றைய குழந்தைகள் குற்றவுணர்வு கொள்ளலாகாது என்பது அச்சட்டங்களை ஆதரிப்போர் கூறும் காரணம். அது முற்றிலும் பொருளற்ற கவலையன்று. ஆனால் டு பாய்ஸ் எவருடைய குற்றவுணர்வையும் கேட்கவில்லை, கணக்கைத்தான் கேட்டார். பாட்டன் வைத்த கடனுக்குப் பேரன் குற்றவாளியாக மாட்டான். பாட்டன் விட்டுச்சென்ற வீட்டில் குடியிருந்துகொண்டு, கடன் மட்டும் தனக்குத் தெரியாது என்று அவன் சொல்ல முடியுமா?

இந்தியாவோடும் அவருக்கு உறவு உண்டு. லாலா லஜபதி ராய் அமெரிக்காவில் தங்கியிருந்த ஆண்டுகளில் இருவரும் நண்பராயினர். 1928இல் டு பாய்ஸ் எழுதிய நாவலின் தலைவி ஓர் இந்திய அரசகுமாரி. 1929இல் காந்தியடிகளின் செய்தி ‘கிரைசிஸ்’ இதழில் வெளிவந்தது. இவற்றினும் குறிப்பிடத்தக்கது, 1946 ஜூலையில் அம்பேத்கர் அவருக்கு எழுதிய கடிதம். கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் சபைக்கு அளித்த மனுவின் படியைக் கேட்டிருந்தார் அம்பேத்கர். தீண்டப்படாதோர் சார்பில் அவ்வழியில் செல்லும் எண்ணம் அவருக்கு இருந்தது. டு பாய்ஸ் அம்மாத இறுதியிலேயே படியை அனுப்பித் தம் ஆதரவையும் தெரிவித்தார். மறு ஆண்டில் அவர் தலைமையில் உருவான மற்றொரு மனு அச்சபையிடம் அளிக்கப்பட்டது. ஊரும் சேரியும் ஏன் பிரிந்தன, நிலம் யார் கையில் ஏன் தங்கியது, இட ஒதுக்கீடு இன்னும் எத்தனை காலத்துக்கு என்று நாம் நம்மிடையே வாதிடும்போது, அவ்விருவரும் ஒருவர் வினாவில் மற்றவர் வினாவைக் கண்டதில் வியப்பில்லை.

அவருடைய முதுமையில் புகழோடு பழியும் சேர்ந்தது. 1951இல், 83ஆம் வயதில், அணுகுண்டுக்கு எதிராக இயங்கிய ஓர் அமைதி நிலையத்தின் தலைவர் என்ற முறையில், அயல்நாட்டு முகவராகப் பதிவு செய்யவில்லை என்று குற்றஞ்சாட்டப்பட்டுக் கைவிலங்குடன் நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்டார். சான்று இல்லையென்று நீதிபதி விடுவித்தார். ஆனால் பழகியோர் பலர் விலகிப்போயினர். கடவுச்சீட்டு மறுக்கப்பட்டதால் 1957இல் கானா நாட்டின் விடுதலை விழாவுக்குச் செல்ல இயலவில்லை. 1958இல்தான் அது திரும்பக் கிடைத்தது. இக்காலத்தில் ஸ்டாலினைப் புகழ்ந்து அவர் எழுதியது அவருக்குப் பெருமை சேர்ப்பதன்று. தம் நாட்டின் பொய்யை ஏடு ஏடாகக் கிழித்தவர், வேற்று நாட்டின் பொய்யை அவ்வாறு சோதிக்கவில்லை. இளமையில் கற்றறிந்த சிலரே இனத்தை உயர்த்துவர் என்று நம்பியதும் அவருடைய குறைதான். அதைப் பின்னாளில் அவரே திருத்திக்கொண்டார்.

1961இல் பொதுவுடைமைக் கட்சியில் சேர்ந்து, இங்க்ருமாவின் அழைப்பை ஏற்று, ஆப்பிரிக்கக் கலைக்களஞ்சியம் ஒன்றைத் தொகுக்க இரண்டாம் மனைவி ஷெர்லியுடன் கானா சென்றார். அப்போது வயது 93. அமெரிக்கா அவர் கடவுச்சீட்டைப் புதுப்பிக்க மறுத்ததால் 1963இல் கானாவின் குடிமகனானார். அவ்வாண்டு ஆகஸ்ட் 27 அன்று அக்ராவில் காலமானார். மறுநாள் வாஷிங்டனில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் உரிமைப் பேரணிக்காகத் திரண்டிருந்தனர். கிங் பேசுவதற்கு முன், தேசியச் சங்கத்தின் ராய் வில்கின்ஸ் மேடையேறி அச்செய்தியை அறிவித்தார். கூட்டம் அமைதி காத்தது. கலைக்களஞ்சியம் முற்றுப்பெறவில்லை.

1969இல் கிரேட் பாரிங்டனில் அவர் வாழ்ந்த நிலத்தை நினைவிடமாக்க அன்பர்கள் விழா எடுத்தபோது, ஊரில் பலர் கடுமையாக எதிர்த்தனர். அவருடைய மகனும், 1950இல் மறைந்த முதல் மனைவி நீனாவும் அவ்வூர்க் கல்லறையில் உறங்குகிறார்கள். அவர் மட்டும் கானாவின் மண்ணில்.